0.05: ஒரு எண்ணுக்குப் பின்னால் ஓடும் செல் கணக்கு

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் போர் தண்ணியை லேபுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வரி பழக்கமாக இருக்கும். மொத்த குரோமியம், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 சொல்கிற எல்லை இது. இதற்குக் கீழே இருந்தால் "சரி", மேலே போனால் "குடிக்காதீங்க". எங்க கணியம்பாடியில் யாராவது ரிப்போர்ட்டை நீட்டினால் எல்லாரும் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேடுவோம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்தான் இந்தக் கட்டுரை. தேடல் ராணிப்பேட்டையில் ஆரம்பித்து, அமெரிக்காவில் ஒரு கண்ணாடித் தட்டு, மான்செஸ்டர், மெட்ராஸ், பம்பாய், சீனா என்று சுற்றி, கடைசியில் எங்க ஒன்றியத்துக்கே வந்து நின்றது. வழியில் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் ஒரு பொருள் உடம்புக்குள் போனால் செல் கூட்டத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு நல்ல கணித மாதிரிகள் இருக்கின்றன. ஆனால் நாம் குடிக்கிற அளவுக்கு இறங்கி வந்ததும் அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அந்த இடத்தில் எந்தக் கோட்டை எடுப்பது என்பது கணக்கு அல்ல, தீர்ப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தோல் ஷாப்புகளில் தோலைப் பதப்படுத்தப் பயன்படுவது குரோமியம் சல்பேட். அது மும்மதிப்பு குரோமியம், செல்லுக்குள் எளிதில் நுழையாது. நுழைவது அறுமதிப்பு குரோமியம். அது தோல் ஷாப்பில் பிறப்பதை விட, தோல் ஷாப்புக்கு மருந்து தயாரித்துக் கொடுக்கிற தொழிற்சாலையில்தான் அதிகம் பிறக்கிறது. குரோமைட் தாதுவை சோடா சாம்பலோடு சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுத்தால் குரோமேட் கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து எடுத்து, பிறகு மும்மதிப்பாக மாற்றித்தான் தோல் பதனிட அனுப்புவார்கள். கரைத்து எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் கொஞ்சம் அறுமதிப்பு தங்கிவிடும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் 1970-களில் தொடங்கி, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. கம்பெனி போனது, சக்கை போகவில்லை. லட்சம் டன்னுக்கு மேல் திறந்த வெளியில் குவியலாகக் கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் இறங்கும். 2006-இல் ஒரு சர்வதேச அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை பெயர் வந்தது இந்தக் குவியலால்தான்.

சரி, அந்த மஞ்சள் தண்ணீர் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது? குரோமேட்டின் உருவம் சல்பேட்டை ஒத்திருக்கும். சல்பேட்டுக்கென்று செல் வைத்திருக்கும் வாசல் வழியாகவே உள்ளே போய்விடும். உள்ளே வைட்டமின் சி, குளுட்டதயோன் போன்றவை அதை மும்மதிப்பாக மாற்றும். வெளியே நடந்திருந்தால் இந்த மாற்றம் நல்லது. உள்ளே நடக்கும்போது, மாறிய குரோமியம் டிஎன்ஏவிலேயே ஒட்டிக்கொள்கிறது, இழைகள் அறுகின்றன. குரோமேட் ஆலைத் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்று மிக அதிகம் என்று 1948-இலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்லிவிட்டது. 1990-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறுமதிப்பு குரோமியத்தை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் வைத்தது. அதெல்லாம் மூச்சில் போன தூசிக்கு. குடிக்கிற தண்ணீருக்கு என்ன என்ற கேள்வி தனியாக நின்றது.

இனி கணக்கு. ஒரு விளையாட்டாகப் பாருங்க. தரையில் நூறு குழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நூறு புளியங்கொட்டையை வீசுகிறீர்கள், எல்லாமே ஏதோ ஒரு குழியில் விழுகிறது. குழிக்கு ஒன்று என்று சமமாக விழாது. சிலதில் மூன்று, சிலதில் இரண்டு. சுமார் 37 குழிகள் காலியாகவே இருக்கும். இருநூறு கொட்டை வீசினால் 13, 14 குழி காலி. முந்நூறு வீசினால் ஐந்துதான். குழியைச் செல் என்றும், கொட்டையைச் செல்லைக் கொல்லும் அடி என்றும் வைத்துக்கொண்டால், காலிக் குழிகள்தான் பிழைத்த செல்கள். கதிர்வீச்சு உயிரியலில் இதற்கு இலக்குக் கோட்பாடு என்று பெயர். கேம்பிரிட்ஜின் டக்ளஸ் லீ 1946-இல் எழுதிய புத்தகம் இதை முழுமையாக வகுத்துக் கொடுத்தது.

ஆனால் மனித செல்லில் இதைச் சோதிக்க, ஒரே ஒரு செல்லைத் தட்டில் வைத்து அது பெருகுகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அதைச் செய்து காட்டியவர்கள் டென்வரில் தியோடர் பக்கும் பிலிப் மார்கஸும். ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து 1951-இல் எடுத்த ஹீலா செல்களுக்கு எக்ஸ்ரே கொடுத்து, எத்தனை செல் புதிய கூட்டமாக வளர்ந்தது என்று எண்ணி 1956-இல் வெளியிட்டார்கள். வந்த கோடு புளியங்கொட்டைக் கணக்கு சொன்னது போலவே இருந்தது, ஒரே ஒரு வித்தியாசத்தோடு. குறைந்த அளவில் கோடு உடனே சரியவில்லை. தோள் மாதிரி கொஞ்சம் மெதுவாக வளைந்து, பிறகுதான் சரிந்தது.

அந்தத் தோள் என்ன என்பதற்கு 1959-இல் எல்கைண்டும் சட்டனும் ஒரு பதில் கொடுத்தார்கள். மொத்த அளவை ஒரே தடவையில் கொடுக்காமல், இரண்டாகப் பிரித்து நடுவில் சில மணி நேரம் விட்டார்கள். செல்கள் அதிகம் பிழைத்தன, இரண்டாவது தடவையிலும் தோள் திரும்ப வந்தது. அதாவது இடைவேளையில் செல் தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிறது. அளவோடு நேராக ஏறும் ஒரு பகுதி, அளவின் வர்க்கத்தோடு ஏறும் இன்னொரு பகுதி என இரண்டையும் கூட்டி எழுதும் சூத்திரம் இன்றும் புற்றுநோய் மருத்துவமனைகளில் தினமும் ஓடுகிறது. கதிர் சிகிச்சைக்குப் போகிறவர்களை வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் வரச்சொல்வது ஏன் என்று பலர் கேட்பார்கள். நல்ல செல்லுக்குப் பழுது பார்க்க நேரம் கொடுக்கத்தான்.

இதுவரை சொன்னது செல் சாவதைப் பற்றி. செத்த செல்லால் புற்று வராது. அடி வாங்கியும் சாகாமல், தப்பும் தவறுமாகப் பழுது பார்த்துக்கொண்டு, பிரியவும் செய்கிற செல்தான் பிரச்சினை. அதற்கு வேறு கணக்கு வேண்டும்.

1954-இல் ஆர்மிட்டேஜும் டாலும் ஒன்றைக் கவனித்தார்கள். பல புற்றுநோய்களின் இறப்பு விகிதம் வயதின் ஆறாவது அடுக்கைப் போல ஏறுகிறது. அப்படியென்றால் ஒரு செல் புற்றாக மாற ஆறேழு மாற்றம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கு பொருந்தியது. ஆனால் அதில் ஒரு குறை. பாதி மாறிய செல் சும்மா உட்கார்ந்திருக்காதே, அதுவும் பிரிந்து பெருகுமே!

இங்கே கதைக்குள் மெட்ராஸ் வருகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நடுவில் சில செத்துப்போகும் கூட்டத்தை நிகழ்தகவாக எழுதும் கணிதம் 1940-களின் கடைசியில் இங்கிலாந்தில் சூடாக இருந்தது. டேவிட் கெண்டல் அதை மக்கள்தொகைப் பெருக்கத்துக்கு எழுதினார். அதே ஆண்டுகளில் மான்செஸ்டரில் பார்ட்லெட்டிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நம்ம ஊர் அல்லாடி ராமகிருஷ்ணன், காற்றில் நுழைந்ததும் ஒன்று பலவாகச் சிதறும் காஸ்மிக் கதிர்த் துகள்களுக்கு அதே மாதிரிக் கணிதத்தை எழுதினார். 1950-இல் வந்த அவருடைய கட்டுரை அந்தத் துறையில் முக்கியமானது. அவர்தான் 1962-இல் மெட்ராஸில் மேட்சயின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். துகளோ, மனிதரோ, செல்லோ, பிரிவதும் சாவதும் ஒன்றுதான், சூத்திரத்துக்கு வேறுபாடு தெரியாது. 1960-இல் கெண்டல் தன் கணிதத்தைப் புற்றுநோய் உருவாவதற்கே பொருத்தி எழுதினார்.

அதை முழு மாதிரியாக வளர்த்தவர் சுரேஷ் மூல்காவ்கர். பம்பாயில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்கா போய்க் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1979-இல் வென்சனோடும், 1981-இல் நட்சனோடும் சேர்ந்து அவர் எழுதிய இரண்டு கட்டுரைகள் சொல்வது இதைத்தான். ஆறேழு படி வேண்டாம், இரண்டு போதும். முதல் மாற்றம் ஒரு செல்லைப் பாதி கெட்டதாக்கும். அந்தச் செல் பிரிந்து பிரிந்து ஒரு கூட்டமாகும். அந்தக் கூட்டத்தில் ஏதாவது ஒன்றுக்கு இரண்டாவது மாற்றம் நடந்தால் புற்று.

இதில் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் பெருக்கம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். பாதி கெட்ட செல்லின் பிறப்பு அதன் சாவை விட வருஷத்துக்கு 0.10 அதிகம் என்று வையுங்கள். முப்பது வருஷத்தில் சராசரியாக அது இருபது செல்லாகும். அந்த 0.10 வெறும் 0.15 ஆனால்? தொண்ணூறு செல். டிஎன்ஏவில் ஒரு அடிகூட கூடுதலாக விழவில்லை, பிரிகிற வேகம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ஆபத்து நாலரை மடங்கு. ஆகவே ஒரு பொருள் இரண்டு வழியில் புற்று உண்டாக்கலாம். டிஎன்ஏவை நேரடியாக மாற்றலாம். அல்லது திசுவைப் புண்ணாக்கி, புண் ஆற்றுவதற்காகச் செல்களை வேகமாகப் பிரிய வைத்து, ஏற்கனவே இருக்கும் கெட்ட செல்லைப் பெருக்கலாம்.

குடிநீர்க் குரோமியம் பற்றிய சண்டை முழுக்க இந்த இரண்டு வழிகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

2008-இல் அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இரண்டு வருஷம் சோடியம் டைகுரோமேட் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். எலிகளுக்கு வாயில் கட்டி வந்தது, சுண்டெலிகளுக்குச் சிறுகுடலில். கட்டி தெளிவாகக் கூடியது அதிக அளவுகளில்தான். ஆனால் சுண்டெலியின் குடல் உட்சுவர் செல்கள் மிதமிஞ்சிப் பெருகியது குறைந்த அளவிலும் தெரிந்தது. அந்தக் குறைந்த அளவு எவ்வளவு தெரியுமா? லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம் குரோமியம். நம்ம 0.05-ஐ விட நூறு மடங்கு. அதற்குக் கீழே அந்த ஆய்வில் ஒரு புள்ளிகூட இல்லை. நாம் குடிக்கிற தண்ணீர் அந்தப் படத்தின் இடது மூலையில், புள்ளியே இல்லாத இடத்தில் இருக்கிறது. அங்கே கோட்டை எப்படி இழுப்பது?

டிஎன்ஏவை நேரடியாக மாற்றுகிறது என்று நம்பினால் கோடு நேராகப் பூச்சியம் வரை இறங்கும். எவ்வளவு குறைத்தாலும் அதற்கேற்ற சின்ன ஆபத்து மிஞ்சும். கலிபோர்னியா இந்த வழியில் கணக்குப் போட்டு, 2011-இல் அறுமதிப்புக்கு 0.02 மைக்ரோகிராம் என்ற பொது சுகாதார இலக்கை வைத்தது. வாழ்நாள் முழுக்கக் குடித்தால் பத்து லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதல் புற்று என்ற அளவு அது. புண்ணாகிப் பெருகுவதுதான் காரணம் என்று நம்பினால், புண்ணே ஆகாத அளவுக்குக் கீழே ஆபத்து இல்லை. அதோடு வயிற்று அமிலமே கொஞ்சம் குரோமியத்தை மும்மதிப்பாக மாற்றிவிடுகிறது. கனடா இந்த வழியில் போய் 2016-இல் மொத்த குரோமியத்துக்கு 50 மைக்ரோகிராம் போதும் என்றது. நம்ம 0.05 மில்லிகிராமும் அதே 50 மைக்ரோகிராம்தான்.

இரண்டு பேரும் பார்த்தது அடிப்படையில் அதே சுண்டெலிகளை. வந்த எண்கள் 0.02-உம் 50-உம். இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு வித்தியாசம்! ஒன்று எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு, இன்னொன்று சட்ட எல்லை என்பது உண்மைதான். ஆனாலும் இவ்வளவு தூரம் விலகியதற்குக் காரணம் கோட்டின் வடிவம்தான். சட்ட எல்லையாகக் கலிபோர்னியா 2014-இல் 10 மைக்ரோகிராம் வைத்தது. 2017-இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, செலவு கட்டுப்படியாகுமா என்று சரியாகப் பார்க்கவில்லை என்பதற்காக. 2024-இல் அதே 10 திரும்ப வந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் 0.05 என்ற எண் இந்த எலிகளுக்கும் மாதிரிகளுக்கும் முந்தையது. உலக சுகாதார நிறுவனம் 1958-இலேயே அறுமதிப்புக்கு அதை வைத்துவிட்டது. இந்தக் கட்டுரையில் வரும் புற்றுநோய்க் கணக்குகளில் பாதி அப்போது எழுதப்படவே இல்லை. ரிப்போர்ட்டில் நாம் தேடும் அந்த வரிக்கு வயது அறுபதைத் தாண்டுகிறது.

எலி வேண்டாம், மனிதரைப் பார்த்தே முடிவு செய்யலாமே என்று தோன்றும். அதற்கும் கதை உண்டு. சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் ஜின்சோ என்ற ஊர், ராணிப்பேட்டைக்கு அண்ணன் மாதிரி. அங்கேயும் குரோமியம் ஆலைக் கழிவால் கிராமத்துக் கிணறுகள் மஞ்சளாயின. ஜாங் ஜியான்டாங் என்ற மருத்துவர் 1987-இல் அந்தக் கிராமங்களில் புற்று இறப்பு கூடியிருப்பதாக எழுதினார். 1997-இல் அவர் பெயரிலேயே இன்னொரு கட்டுரை அமெரிக்க இதழில் வந்தது, குரோமியம் காரணமாகத் தெரியவில்லை என்று. பிறகுதான் தெரிந்தது, குரோமியம் வழக்கில் மாட்டியிருந்த ஒரு நிறுவனத்துக்கு வேலை பார்த்த ஆலோசகர்களின் கை அதில் இருந்தது. அதைச் சொல்லாமல் மறைத்ததற்காக 2006-இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

நேர்மையாக எண்ணினாலும் எளிதல்ல. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். 1,379 புற்றுநோயாளிகள். கதிர்வீச்சு கூடக் கூடப் புற்று கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் கணக்கின் பிழை எல்லை எவ்வளவு அகலம் என்றால், நேர்கோடு சொல்லும் சின்ன ஆபத்தும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

நம்ம பக்கத்துக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீரில் 50 மைக்ரோகிராமும் அறுமதிப்பு, அதை ஒரு லட்சம் பேர் வாழ்நாள் முழுக்கக் குடிக்கிறார்கள் என்று வையுங்கள். கலிபோர்னியா கோட்டின்படி கூடுதலாக 250 பேருக்குப் புற்று, அதாவது 400-இல் ஒருவருக்கு. கனடா கோட்டின்படி யாருக்கும் இல்லை. இந்தியாவில் ஒன்பதில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்று வருவதாக மதிப்பிடுகிறார்கள், அதாவது லட்சத்தில் சுமார் 11,000 பேர். பீடி, புகையிலை, வயது, இடப்பெயர்ச்சி எல்லாம் கலந்த அந்த 11,000-க்குள் ஒரு 250-ஐப் பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் 250 என்பது சின்ன எண் இல்லை.

எங்க கணியம்பாடி ஒன்றியத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சி.எம்.சி.யின் சமூக நலப் பிரிவான சாட், பாகாயத்திலிருந்து இந்த ஒன்றியத்தின் கிராமங்களுக்குப் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. லட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் பிறப்பு, இறப்பு, இறப்பின் காரணம் எல்லாவற்றையும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். இங்கே 1992 முதல் 2001 வரை நடந்த மரணங்களை வைத்து வந்த ஆய்வு ஒன்று 2004-இல் லான்செட் இதழில் வெளியானது. இளவயதினர் தற்கொலை, அரசாங்கப் புள்ளிவிவரம் காட்டுவதை விட மிக அதிகம் என்று அதுதான் வெளியே சொன்னது. வாசலில் நின்று கேட்டு எழுதாமல் அது தெரிந்திருக்காது. பாலாற்றின் அக்கரையில், சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் 1990-களிலேயே இப்படி ஒரு பதிவேடு, கூடவே கிணறு வாரியாகக் குரோமியக் கணக்கு என இரண்டும் சேர்ந்து இருந்திருந்தால், சுண்டெலியை விட நல்ல சாட்சி நம்ம கையில் இருந்திருக்கும்.

அது இல்லாதபோது எந்தக் கோட்டை எடுப்பது? இதற்கு நம்ம பக்கத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த தோல் தொழிற்சாலை வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதிலேயே முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இருக்கிறது. பெருங்கேடு வரும் என்ற அச்சம் இருக்கும்போது, அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவருடையது.

இதைக் கணக்கு மொழியில் படித்துப் பாருங்க. புள்ளியே இல்லாத இடது மூலையில் சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதைத்தான் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தண்ணீர் குடிக்கிறவருக்கு. அதாவது, "இதற்குக் கீழே ஆபத்தே இல்லை" என்று சொல்கிறவர் அதை நிரூபிக்கட்டும், அதுவரை நேர்கோட்டை வைத்துக்கொள்வோம். இதில் செலவு உண்டு, தெரியும். 0.02 வரை சுத்தம் செய்ய எந்தப் பஞ்சாயத்தாலும் முடியாது, கலிபோர்னியாவாலேயே முடியவில்லை. ஆனால் மொத்த குரோமியத்தை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாமல், அறுமதிப்பைத் தனியாக அளக்கலாம். ராணிப்பேட்டைப் பக்கத்துக் கிணறுகளுக்காவது அதைக் கட்டாயமாக்கலாம். அதற்குப் புதுக் கணிதம் எதுவும் தேவையில்லை.

அடுத்த முறை ரிப்போர்ட் கையில் வரும்போது 0.05-க்குக் கீழா மேலா என்று மட்டும் பார்க்காதீங்க. அதில் அறுமதிப்பு எவ்வளவு என்று லேபில் கேளுங்க. தனியாகப் பார்க்கவில்லை என்றால், பார்த்துத் தரச் சொல்லுங்க.